அப்பாவுக்கு இரண்டு சாவு

அந்தப் போஸ்டரில் அப்பாவின் இடது தோள்மேல் நான்கு விரல்கள் இருந்தன. விரல்களுக்கு உரிய கையும் இல்லை, ஆளும் இல்லை. மில் தொழிலாளர் சங்கத்தின் பழைய குரூப் போட்டோவிலிருந்து அப்பாவைத் தோள்வரை வெட்டியெடுத்து அச்சுக்கு பிளாக் செய்திருந்தார்கள். பக்கத்தில் தோள்மேல் கைபோட்டு நின்றிருந்த சங்கத் தலைவரை வெட்டி எறிந்தவர்கள் விரல்களை மறந்துவிட்டார்கள். சுற்றிலும் கறுப்புப் பட்டை. மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. படத்துக்குக் கீழே 'சங்கத்தின் அசைக்க முடியாத தூண் சாய்ந்தது' என்று ஒரு வரி. அதற்கும் கீழே, அப்பாவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில், தலைவரின் பெயர். டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வரும் வழியில், மில் கேட்டுக்கு எதிர்ச் சுவரில் பசை காயாமல் இருந்த அந்தப் போஸ்டரை நின்று படித்தேன். அப்போது அப்பா வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

இறந்தவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதுதான் முறை என்று எனக்குப் பலபேர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். தலைவரும் இப்போது இல்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பேனர் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் அவர் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாலு நல்ல வார்த்தை என்கிற அந்த முறையை வைத்தே அரசியல் பண்ணிய மனிதர் அவர். என்னிடமிருந்து அவருக்கு ஒரு வார்த்தையும் பெயராது. படிக்கச் சங்கடப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

எங்கள் தெரு மில்லுக்குப் பின்பக்கம் இருந்தது. ஆண்கள் மில்லில் வேலை செய்தார்கள், இல்லாவிட்டால் மில்லில் வேலை செய்து நின்றவர்களாக இருந்தார்கள். கடிகாரம் மாட்டிய வீட்டிலும் மில் சங்கு ஊதுவதைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள். தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டால், அடுத்த சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்கு எதிரே போஸ்டர் ஒட்டிவிட வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். ஷிஃப்ட் விட்டு வெளியே வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு சைக்கிளை நேரே சாவு வீட்டுக்குத் திருப்புவார்கள். ஒரு சங்கைத் தவறவிட்டால் பாதிப் பேருக்குச் சேதியே தெரியாமல் எடுத்துவிடுவார்கள். ஆகவே எப்போதும் அவசரம்தான். அச்சகத்தில் அஞ்சலி வாசகத்தைக் கோத்தது கோத்தபடி கட்டி வைத்திருப்பார்கள். பெயரையும் வயதையும் உருவிவிட்டு வேறு பெயர், வேறு வயது சொருகினால் போஸ்டர் தயார். இதனால் எங்கள் தெருவில் இறந்த எல்லோருமே அசைக்க முடியாத தூண்களாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். சந்தா கட்டாதவரும் தூண், ஒரு கூட்டத்துக்கும் வராதவரும் தூண். "இவ்ளோ தூண் இருந்தும் சங்கத்துக் கூரை ஏன் ஒழுவுது?" என்று அப்பா கேட்பார். வாசகம் தலைவருடையது. ஒரு தரம் எழுதிக் கொடுத்ததோடு சரி, அதற்கப்புறம் அப்பாவின் போஸ்டர் வரை அவர் அதற்காகப் பேனாவைத் திறக்கவே இல்லை.

தலைவராவதற்கு முன்னால் அவரும் அப்பாவோடு தறி ஓட்டியவர்தான். அப்பாவுக்கு இளையவர். அப்பாவை 'அண்ணே' என்பார், அம்மாவை 'அண்ணி' என்பார். ஞாயிற்றுக்கிழமை குருசுக்குப்பத்து மீன்காரம்மாவிடம் அம்மா மீன் வாங்கிக் குழம்பு வைத்தால், கூப்பிடாமலே வந்து மணையில் உட்கார்ந்துவிடுவார். நடுத்துண்டு அவருக்கு, வால் எனக்கும் தம்பிக்கும். நாங்கள் முகத்தைச் சுளித்தால் அம்மா முறைப்பாள். அவர் பேச ஆரம்பித்தால் எங்களுக்கும் மீன் மறந்துபோகும், அப்படி ஒரு வாய். மேஸ்திரி நடப்பதை நடந்து காட்டுவார், மேனேஜர் இருமுவதை இருமிக் காட்டுவார். எங்கள் எல்லோருக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். அவர் சங்கத் தேர்தலுக்கு நின்றபோது அப்பா வேலை முடிந்து வந்து, வீடு வீடாகப் போய் அவருக்காகப் பேசினார். பிடிக்காத ஆள் செய்திருந்தால் இந்தக் கோபம் எப்போதோ ஆறிப்போயிருக்கும்.

எழுபதுகளின் நடுவில் மில்லில் பெரிய ஸ்டிரைக் நடந்தது. புது மெஷின்கள் வருகின்றன, ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. தெருவில் அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன. அம்மா தாலியைத் தவிர எல்லாவற்றையும் சேட்டுக் கடைக்குக் கொண்டுபோனாள். ஒருநாள் கேட்டுக்கு முன்னால் கூட்டம் போட்டு, ஒப்பந்தம் முடிந்துவிட்டது, நாளைக்கு வேலைக்குத் திரும்பலாம் என்று தலைவர் மைக்கில் சொன்னார். கைதட்டல் அடங்குவதற்குள் அப்பா எழுந்து, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று படித்துக் காட்டும்படி கேட்டார். கேட்டது அவ்வளவுதான். தலைவர் படிக்கவில்லை. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "நிர்வாகத்தோட கைக்கூலி இவரு. நம்மள்ளயே இருந்துகிட்டு நம்மளக் காட்டிக் குடுக்கற கருங்காலி" என்றார். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் யாரோ பின்னாலிருந்து "கருங்காலி" என்று கத்த, பிறகு எல்லோரும் கத்தினார்கள். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகூட எங்கள் வீட்டில் சாப்பிட்ட வாய் அது.

அந்த ஒப்பந்தத்தின்படி வேலை போனவர்களில் அப்பாவும் ஒருவர். நிர்வாகத்தின் கைக்கூலியை நிர்வாகமே ஏன் வெளியே அனுப்புகிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டால் தன் வேலைக்கு ஆபத்து என்று தோன்றியிருக்கும். சங்கத்திலிருந்தும் அப்பாவை நீக்கினார்கள். அப்பா தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் இரும்பு ராவுகிற வேலைக்குப் போனார். தறியில் நூல் பிடித்த கை, சாயங்காலம் வரும்போது அரத்தூள் அப்பிக் கறுத்திருக்கும். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். எனக்கு ஒரு நல்ல இடம் வந்து தட்டிப்போனதும் அந்த ஒரு சொல்லால்தான். அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும் என்றுகூட ஆசையில்லை. "கேட்டுல சொன்னத அவன் கேட்டுல வந்து வாபஸ் வாங்கணும். அத என் காதால கேக்கணும்" என்பார். வருடக்கணக்கில் அவர் வேண்டியது அந்த ஒன்றுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டோம். கொஞ்சம் தேறியதும், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். எங்கள் பக்கத்தில் 'ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. ஆளைக் கைவிட்டுவிட்டார்கள், இனி மணிக்கணக்கு என்று அர்த்தம். பிழைத்தவனையும் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள் என்பது ஒருவர் நினைப்பிலும் இருக்காது. நிற்கத் தெம்பில்லாமல் கம்பளி போர்த்தி ரிக்ஷாவில் சாய்த்து அவரைக் கொண்டுவந்ததைப் பார்த்த யாரோ சங்கத்துக்கு ஓடியிருக்கிறார்கள். அது சட்டமன்றத் தேர்தல் சமயம். தலைவர் வேட்பாளர். எங்கள் தெருவில் ஓட்டு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒப்பந்தத்தில் வேலை இழந்த குடும்பங்கள் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்பாவின் சாவு அவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. சங்கு ஊதுவதற்குள் போஸ்டர் சுவரேறிவிட்டது.

நான் ஓட்டமாக வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஏற்கெனவே கூட்டம். மேளக்காரர்கள் வைக்கோல் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பெரிய மார்க்கெட்டிலிருந்து ஒருவர் ரோஜா மாலையோடு சைக்கிளில் வந்து இறங்கினார். எதிர்வீட்டு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், கட்டிலில் உட்கார்ந்து ஊறுகாயை நக்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு நின்றார். "போன்ழூர் முசியே. நீங்க பூட்டீங்கன்னு சொன்னாங்களே" என்றார். "எனக்கு இன்னும் யாரும் சொல்லலியே" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேளக்காரர்களை விரட்டப் போனாள்.

போஸ்டரில் என்ன போட்டிருக்கிறது என்று அப்பா என்னைக் கேட்டார். சொன்னேன். தூண் என்றதும் உதட்டைச் சுழித்தார். தலைவரின் பெயருக்கு மேலே ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்த்தது. 'கொள்கையில் கடைசிவரை உறுதியாய் நின்ற என் அன்பு அண்ணன்.' அதைச் சொன்னதும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு கம்பளியை உதறிவிட்டு எழுந்தார். "ரிக்ஷாவக் கூப்பிடு. அவன் எழுத்துலயே குடுத்துட்டான்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் முகத்தில் அவ்வளவு தெளிவை நான் பார்க்கவில்லை. அம்மா எவ்வளவோ தடுத்தாள். கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சங்கு ஊதி ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தலைவர் கறுப்பு பேட்ஜ் குத்தி, மலர்வளையத்தோடு மௌன ஊர்வலத்துக்குத் தயாராக நின்றிருந்தார். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு ரிக்ஷாவிலிருந்து இறங்கி, தன் போஸ்டருக்குக் கீழே போய் நின்றார். தலைவரின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் பெரிய ஆள்தான், ஒரு நொடியில் சமாளித்துக்கொண்டு, வளையத்தைப் பின்னால் ஒருவனிடம் தள்ளிவிட்டு, ஓடிவந்து கையைப் பிடித்தார். "அண்ணே, தப்பா சேதி வந்துட்சிண்ணே."

"சேதி தப்பு. எழுதனது தப்பா, ரைட்டா?" என்று கேட்டார் அப்பா.

"என்னாண்ணே நீங்க…"

"ரைட்டுன்னா அத உன் வாயால சொல்லு. இங்கதான் கருங்காலின்ன. இங்கயே இல்லன்னு சொல்லு. எல்லாரும் இருக்காங்க."

ஒரு வாக்கியம் போதும். தேர்தல் பேச்சில் ஆயிரம் சொல்கிறவருக்கு அது ஒரு மூச்சு. ஆனால் அதைச் சொன்னால், அன்றைக்கு ஒப்பந்தத்தை ஏன் படிக்கவில்லை என்ற கேள்வி கூடவே வரும். தலைவர் அப்பாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். "அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே? ஒடம்பப் பாருங்க. நீங்க நூறு வருஷம் இருக்கணும்." பிறகு பசை வாளியோடு நின்றவன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே, "ஆள் இருக்காருப்பா. அதக் கிழிச்சிடு" என்றார். ஈரம் காயாததால் போஸ்டர் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள், அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். ரிக்ஷாவில் திரும்பும்போது நான் அழுதேன். அப்பா என்னை அதட்டவும் இல்லை, சமாதானப்படுத்தவும் இல்லை. "செத்தாத்தான் நல்லவன்னு சொல்லுவானாம்" என்றார், அவ்வளவுதான்.

தேர்தலில் தலைவர் ஜெயித்தார். எங்கள் தெருவும்தான் ஓட்டுப் போட்டது, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அப்பாவுக்கு மிஞ்சியது ஒரு புதுப் பட்டப்பெயர்: 'செத்துப் பொழைச்ச கருங்காலி'. சின்னப் பிள்ளைகள்கூட சொல்லிவிட்டு ஓடும். அவர் அதன்பிறகு மில் பக்கமே போகவில்லை. தட்டாஞ்சாவடிக்கு நேர்வழி மில்லைத் தாண்டித்தான். அவர் ஊரைச் சுற்றிக்கொண்டு சைக்கிள் மிதித்தார். மழையிலும் அப்படித்தான். வாபஸ் வாங்குகிற பேச்சை அவர் விட்டுவிட்டார். அம்மா எடுத்துக்கொண்டாள். அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பல வருடங்கள் கழித்து, எண்பதுகள் முடிகிற சமயம், ஒருநாள் காலையில் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். சங்கத்துக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னாள். எப்படியோ தெரிந்துவிட்டது. இந்தத் தடவை போஸ்டரை அவசரப்பட்டு ஒட்டவில்லை. முதலில் ஒருவன் வந்து, மாலை போடுகிற சாக்கில் குனிந்து, அப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போனான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செருப்பைக் கையில் எடுத்திருப்பேன், சொல்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் காரில் தலைவரே வந்து இறங்கினார். மறுபடியும் ஒரு தேர்தல் வருகிற நேரம். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மலர்வளையத்தோடு படியேறியவரை, தலைமாட்டிலிருந்து எழுந்துவந்த அம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"மாலைய அப்பறம் போடலாம். அவரு கருங்காலியா, இல்லையா? அதச் சொல்லு."

தெருவே வாசலில் நின்றிருந்தது. தலைவர் யோசிக்கவே இல்லை. "அண்ணி, என்னா கேள்வி இது? அவரு தங்கம். அப்பழுக்கு இல்லாத மனுசன். அப்படிச் சொன்ன என் வாய்தான் அழுவிப் போவணும்" என்று குரல் உடைந்து சொன்னார். கண்ணீரும் வந்தது. சுற்றி நின்ற பெண்கள் விசும்பினார்கள். உயிரோடு இருந்த மனிதருக்கு அத்தனை வருடம் கிடைக்காத சொல், அவர் கண்ணை மூடிய கையோடு சர்க்கரை மாதிரி கொட்டியது.

அம்மாவுக்குக் கண் கலங்கவில்லை. "இத வூட்டு வாசல்ல சொல்லி என்னா ஆவப்போவுது? கேட்டுல சொன்னத கேட்டுல சொல்லு" என்றாள். சங்கத்துக்காரர் இறந்தால் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் பாடையைக் கேட்டுக்கு முன்னால் இறக்கிவைத்து, தலைவர் இரண்டு வார்த்தை பேசிய பிறகு தூக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். நீக்கப்பட்டவருக்கு அது கிடையாது. "ஷிஃப்ட் மாற நேரம் எடுக்கறோம். பாடைய கேட்டாண்ட எறக்கறோம். நீ வந்து சொல்ற" என்றாள் அம்மா. அத்தனை பேருக்கு முன்னால் தலைவர் கும்பிட்டார். "கண்டிப்பா சொல்றேன் அண்ணி. அது என் கடமை."

நாங்கள் எடுத்தபோது அவர் பாடைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் போவதில்லை. அம்மா நிற்கவில்லை. பங்காளி ஒருவர் குறுக்கே கை நீட்டி, "பொம்பளைங்க இதுக்கு மேல வரக் கூடாது" என்றார். "கேட்டு வரைக்கும் எனக்கு வேல இருக்கு" என்று அவர் கையை ஒதுக்கிவிட்டு நடந்தாள். நான் அவள் பின்னால் போனேன். மில் சாலைக்குத் திரும்புகிற இடத்தில் வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. யாரோ தலைவரின் காதில் ஏதோ சொன்னார்கள். அவர் வாட்சைப் பார்த்தார், எங்களைத் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், காரில் ஏறிக்கொண்டார். அவ்வளவுதான் அவருடைய கடமை.

கேட்டுக்கு எதிரே தம்பியும் மற்றவர்களும் பாடையை இறக்கினார்கள். சங்கு ஊதியது. உள்ளேயிருந்து ஒரு கூட்டம் வெளியே வந்தது, வெளியேயிருந்து ஒரு கூட்டம் உள்ளே போக வந்தது. இரண்டும் பாடையைப் பார்த்து நின்றுவிட்டன. யாராவது பேசுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அம்மா முன்னால் போய் நின்றாள். அவள் வாழ்நாளில் கூட்டத்தில் பேசியதில்லை.

"இவரு கருங்காலி இல்ல. ஒப்பந்தத்தப் படின்னு கேட்டாரு, அதுக்காவ சொன்னது அது. இல்லன்னு இங்க வந்து சொல்றேன்னவன் பாதி வழியில ஓடிட்டான். அதனால நான் சொல்றேன். நீங்களும் அன்னிக்குக் கத்தனீங்க, இங்கதான் நின்னு கத்தனீங்க."

வயதான தறிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். சிலர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பங்காளி வந்து மெதுவாக, "சொல்லிட்டல்ல, போதும். நேரமாவுது, தூக்கலாம்" என்றார். தம்பிகூடக் குனிந்து பாடையின் ஒரு முனையைத் தரையிலிருந்து தூக்கிவிட்டான். அம்மா பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். கேட்டுக்குள்ளே, மில்லின் கடைசிப் பகுதியிலிருந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இன்னும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள்.

"வையி கீழ" என்றாள் அம்மா. "இன்னும் ஆளு வருது."